மூன்று வீடு தள்ளி ஒரு நடுக்கம்

சிங்கப்பூரில் என்ன வேலை என்று யார் கேட்டாலும், தரையைச் சம்மட்டியால் அடித்துவிட்டு அது என்ன சொல்கிறது என்று பார்க்கும் வேலை என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், “அதுக்கா அம்மாந்தூரம் போனே?” என்பார்கள். நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, திருப்பதியிலும் சென்னையிலும் படித்துவிட்டு, கடல் தாண்டிப் போய் நான் செய்தது அதுதான். கட்டடம் எழும்பும் முன்னால், அடியில் கிடக்கும் மண் கெட்டியா தளர்வா, தளர்வென்றால் எவ்வளவு ஆழத்துக்கு என்று சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் பக்கம் நிலம் தேடத் தொடங்கியிருந்த காலம் அது. எஸ்.டி.டி. பூத் வாசலில் ஜனங்கள் வரிசை நின்றார்கள். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருந்தார். சூளூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இடம் பார்த்திருந்தார்கள். தமிழும் தெலுங்கும் தெரிந்தவள் என்று முதலாளி என்னை அனுப்பினார். வேலை முடிந்ததும் நகரிக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டேன், கொடுத்தார். நகரியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சூளூர்பேட்டையைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அங்கே ஜீப்பிலிருந்து இறங்கியதும் என் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தால் வார் மட்டும் கையோடு வந்தது. எனக்கு அமர்த்திய டிரைவர் சீனு, ராமகுப்பத்துக்காரர், வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பவர். ஜீப் ஓட்டுவதும் அவர்தான், சம்மட்டி அடிப்பதும் அவர்தான். அவர் தன் பாதத்தை மண்ணில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“மேடம், இது மண்ணா, இல்ல கூழா? இதுமேல ஃபேக்டரி கட்டுவாங்களா?”

“அதைக் கேக்கத்தான் வந்திருக்கோம்.”

அடியில் ஆணி வைத்த சின்னச் சின்ன உணர்விகள் எங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை வரிசையாக மண்ணில் குத்தி, கேபிளால் கணினியோடு இணைத்துவிட்டு, ஒரு முனையில் இரும்புத் தட்டு வைத்துச் சீனு ஓங்கி அடிப்பார். அடித்த அதிர்வு தரையின் மேல்தோலைப் பற்றிக்கொண்டு ஓடும். குட்டை அலைகள் மேல்மண்ணை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். நீள அலைகள் ஆழம் வரை உணரும். எது எவ்வளவு வேகத்தில் போனது என்று பார்த்தால், தோண்டாமலே அடியில் இருப்பதைச் சொல்லிவிடலாம்.

பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துச் சேற்றில் அலை நடந்துதான் போனது. பாறையில் ஓட்டமாக ஓடுவது, இங்கே முழங்கால் வரை தண்ணீரில் இறங்கியவன்போல ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தது. சிங்கப்பூரிலும் கடலோரக் களிமண் இப்படித்தான். ஆனால் அங்கே பாதாள ரயில் போவது மேலே நிற்பவனுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்வார்கள். இங்கே தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போனபோது, நாங்கள் தோண்டிவைத்த குழியில் ஊறிய தண்ணீர் சிலிர்த்தது. சீனு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“காலுல கிச்சுகிச்சு மூட்டுது மேடம்!” என்று கத்தினார். நானும் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினேன். அவர் சொன்னது உண்மைதான்.

மத்தியானம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓலை வேய்ந்த ஓட்டலில் மீன் புளுசு. சோற்றைக் குழித்து ஊற்றினால் புளியும் மிளகாயும் கண்ணில் தண்ணீர் வரவழைத்தன. பரிமாறிய அம்மாள் என்னைப் பார்த்து, “அழாதே தாயி, உன் ஊரில் மீனே இல்லையா?” என்று தெலுங்கில் கேட்டார். சிங்கப்பூரில் மீன் உண்டு, இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். இன்னொரு துண்டு வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினோம். திருப்பதி ஊருக்குள் நுழையும்போது ஜீப்பின் கிளட்ச் போய்விட்டது. அலிபிரிக்குப் போகும் சாலையில் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. மெக்கானிக் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் சாயங்காலம் வரச் சொன்னார். எதிரே மஞ்சள் உடுத்திய பக்தர்கள் குடும்பம் குடும்பமாக மலையடிவாரத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான் கல்லூரிக்குப் போன நாட்களில் இந்தச் சாலையில் மாட்டுவண்டியும் சைக்கிளும்தான் அதிகம். இப்போது லாட்ஜுகள் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன. கல்லூரிக்கு எதிரே நாங்கள் காரப்பொடி இட்லி தின்ற கடை மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே போய் மூன்று இட்லி சாப்பிட்டேன். அதே காரம். நான்காவது கேட்க வெட்கமாக இருந்ததால் சீனுவைக் கேட்கச் சொன்னேன்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நகரி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். வரிசையாக ஆணிகளைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

“இது இன்னாம்மா?”

“தரை அதிர்றதைப் பாக்குற மெஷின்.”

“தண்ணி பாக்குறதா?” முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பினார். “எங்க கொல்லிக்கு வரியாம்மா? மூணு போர் போட்டும் புகைதான் வருது.”

அவ்வளவுதான். புத்தூர் தாண்டும்வரை ஆளாளுக்குத் தங்கள் நிலத்தின் கதையைச் சொன்னார்கள். இது தண்ணீர் பார்க்கும் மெஷின் இல்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. சொல்ல விருப்பமில்லை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நகரியில் இறங்கியதும் தறிச் சத்தம். தெருவுக்குத் தெரு அது வேறு வேறு தாளத்தில் வரும். சிங்கப்பூரில் போய் இறங்கிய புதிதில் எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம். அந்த அடுக்குமாடி வீட்டில் எதுவுமே அடிக்கவில்லை. சத்தம் இல்லாத இடத்தில் எப்படிக் கண்ணை மூடுவது என்று தெரியாமல், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுப் படுப்பேன்.

தம்பி தாமோதரன் எங்கள் பழைய மனையில் விசைத்தறிக் கூடம் கட்டியிருந்தான். நைனா இருந்தபோது அங்கே இரண்டு கைத்தறிகள் இருந்தன. இப்போது தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு விசைத்தறிகள். தாமு ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். “அக்கா, எளைச்சுட்டியே! அங்க ஒண்ணும் துன்ன மாட்டியா?” அவன் மனைவி கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தாள். சீனுவும் நானும் வழித்துத் தின்றோம்.

“புஷ்பாவைப் பாத்துட்டு வரேன்” என்று கையைக் கழுவினேன்.

தாமுவின் முகம் மாறியது. “அவளாண்ட போவாதே.”

புஷ்பா எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. கல்யாணமும் இதே தெருவில். புருஷன் ஏகாம்பரம் குவைத்தில் டிரைவர். அந்தச் சம்பாத்தியத்தில் தெருக்கோடியில் புதிதாகப் பிரித்து விற்ற மனையை வாங்கி, மாடி வைத்த வீடு கட்டினார்கள். எங்கள் கூடத்திலிருந்து மூன்று வீடு தள்ளி. எனக்கு அந்த வீட்டின் போட்டோ வந்திருந்தது. வாசலில் புஷ்பா பட்டுப்புடவையில் நின்றிருந்தாள்.

“தறி ஓடுனா ஊடு ஆடுதுன்னு கம்ப்ளெய்ண்டு குடுத்துக்கிறா. அடுத்த வாரம் ஆபீசருங்க வந்து பாக்கப்போறாங்க. பூட்டு போட்டுட்டா இத்தினி பேரு எங்க போறது?” தாமு கூடத்தைக் காட்டினான். “நீயே சொல்லு அக்கா. ஒட்டினாப்போல இருக்கிற ஊட்டுல ஒண்ணும் இல்ல. அதுக்கடுத்த ஊட்டுலயும் இல்ல. கோடியில இருக்கிற இவ ஊடு மட்டும் ஆடுமா? குவைத்துப் பணம் வந்துச்சுல்ல, தறிச் சத்தம் காதுல குத்துது.”

தெருவும் அப்படித்தான் நினைத்தது. குழாயடியில் புஷ்பாவோடு யாரும் பேசுவதில்லை என்று தாமுவின் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

நான் போனேன். புஷ்பா கதவைத் திறந்துவிட்டு வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“உன் தம்பிக்கு சாட்சி சொல்ல வந்தியா?”

“உன்னைப் பாக்க வந்தேன்டி.”

“பாத்துட்டியே, போ.”

நான் நகரவில்லை. அவளும் நகரவில்லை. அப்படியே நின்றபோது என் உள்ளங்காலில் அது தெரிந்தது. சிமெண்டுத் தரை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. சூளூர்பேட்டைச் சேற்றில் ரயில் போனபோது தெரிந்த அதே அசைவு. ரயில் போய்விட்டது. இது போகவில்லை.

“புஷ்பா, இது ஆடுது.”

அவள் என்னை முறைத்தாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் தவிர வேறொருவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். ஏகாம்பரத்திடம்கூட அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பூத்துக்கு போன் வரும். வீடு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார். நன்றாக இருக்கிறது என்பாள். பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிற மனுஷனிடம், கட்டிய வீடு வெடிப்பு விட்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? படுத்தால் முதுகில் வந்து தட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, தறிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். தாமு சம்மதித்தான். மெஷின் தன் பக்கம் பேசும் என்று அவனுக்கு நம்பிக்கை. கூடத்து வாசலிலிருந்து புஷ்பா வீட்டு வாசல்வரை மண்தெருவில் உணர்விகளைக் குத்தினோம். தெரு முழுக்கக் கூடிவிட்டது. “ஏமி, போர் போடப்போறாங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு கிழவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். சீனு வேட்டியை மடித்துக் கட்டி, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சூளூர்பேட்டையில் ஒருநாளும் அடிக்காத அடி அடித்தார்.

கூடத்துக்குப் பக்கத்தில் அலை விர்ரென்று ஓடியது. அங்கே கையளவு மண்ணுக்குக் கீழே பாறை. நகரி மலையின் அதே பாறை. ஒட்டிய வீடும் அடுத்த வீடும் அதன்மேல்தான். இரண்டாவது வீடு முடிந்த இடத்தில் அலையின் நடை தளர்ந்தது. புஷ்பா வீட்டு வாசலில் அது நடக்கவே இல்லை, நின்று நின்று ஆடியது. பக்கத்து உணர்விகள் அடங்கிய பிறகும் அங்கே இருந்தவை துடித்துக்கொண்டிருந்தன. அடியில் ஆழமான பள்ளம், பள்ளம் நிறைய இறுகாத மண்.

தறிகளை ஓடவிட்டுப் பார்த்தேன். கணினித் திரையில் கூடத்து வாசலின் கோடு லேசாக நெளிந்தது. மூன்று வீடு தள்ளி அது பல மடங்கு உயரத்துக்கு எழுந்தது.

“கல்லுக்குட்டை!” என்று நாற்காலிக் கிழவர் சொன்னார். அவர் சொன்னதும் பலருக்கு ஞாபகம் வந்தது. எனக்கும்தான். கல் உடைத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதில் சாம்பலும் நூல் கழிவும் கட்டட இடிபாடும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மனை போட்டவர்கள் மேலே மண்ணைப் பரப்பிச் சமன் செய்துவிட்டார்கள். வாங்கும்போது ஏகாம்பரம் குவைத்தில் இருந்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாமுவும் பார்த்தான். அடுத்த வாரம் வரப்போகும் அதிகாரிகளிடம் இந்தக் கோடுகள் போனால், பூட்டு நிச்சயம். வீட்டுக்குள் போய் அவனிடம் மட்டும் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். புஷ்பா தன் வாசற்படியில் தனியாக நின்றிருந்தாள்.

“அவ சொன்னது நிஜம்” என்றேன். “தறி ஓடுனா அவ ஊடு ஆடுது. கிட்ட இருக்கிற ஊட்டைவிட அதிகமாவே ஆடுது.”

“அது எப்படிம்மா?” என்று தறிக்காரர் ஒருவர் கோபமாகக் கேட்டார்.

“கல்யாணத்துல பந்திக்கு ஓடுறோம்ல, அப்படி. தெருவுல இருக்கறவரைக்கும் யாரும் யாரையும் இடிக்கிறதில்ல. வாசல்ல போனா நடை கொறையுது. பின்னாடி வர்றவங்க வந்துக்கினே இருக்காங்க. அங்கதானே நெரிசல்? அதிர்வும் பாறையில ஓடிப்போயிடும். லூசு மண்ணுக்கு வந்தா மெதுவாயிடும், நெருக்கியடிச்சுக்கினு மேல எழும்பும். அதோட அந்தப் பள்ளத்து மண்ணுக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கு, ஊஞ்சலுக்கு இருக்கிற மாதிரி. நம்ம தறி அடிக்கிற தாளமும் அதுவும் ஒண்ணாப் பூடுச்சு. ஊஞ்சல் வரும்போதெல்லாம் சரியாத் தள்ளிக்கினு இருக்கோம்.”

தாமு கூடத்துக்குள் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன்.

“உன் மெஷினை இங்க யாரு கேட்டாங்க?” என்றான். “சிங்கப்பூர்லேருந்து வந்து என் சோத்துல மண்ணப் போட்டுட்டே.”

“தாமு, ஒரு தடவை அந்த ஊட்டுல போயி உக்காரு. அதுக்கப்புறம் என்னைத் திட்டு.”

“நான் அந்தப் படி ஏற மாட்டேன்.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. சீனு பெட்டிகளை என்னிடம் விட்டுவிட்டு, ஜீப்பை எடுத்துவர என்று திருப்பதி பஸ்ஸில் கிளம்பிவிட்டார். நான் அறையில் உட்கார்ந்து, வந்திருக்கவே கூடாதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தாமுவின் மனைவி ஓடிவந்தாள். “அக்கா, வா. அவரு அங்க போயிக்கினு இருக்காரு.”

சண்டைக்குப் போகிறான் என்று பயந்து ஓடினேன். தாமு புஷ்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். புஷ்பா ஒதுங்கி வழிவிட்டாள். அவன் அவள் வீட்டு முன்னறையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனுடைய பன்னிரண்டு தறிகளும் மூன்று வீட்டுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தன. புஷ்பா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாகச் சுருக்கம் விழுந்துகொண்டே இருந்தது. அவன் அதைக் குடிக்கவில்லை. உள்ளங்கையைத் தரையில் வைத்தான். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டான்.

வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது புஷ்பாவைப் பார்க்காமல் சுவர் வெடிப்பைப் பார்த்துச் சொன்னான்.

“இதுமேலயா இத்தினி நாளா துன்னுக்கினு தூங்கிக்கினு இருந்தே?”

“தூங்கல தாமு” என்றாள் புஷ்பா.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. தறியின் வேகம் மோட்டாரில் பட்டை சுற்றும் சக்கரமான புல்லியின் அளவில் இருக்கிறது. சின்னப் புல்லி மாட்டினால் தறி நிதானமாக ஓடும். எல்லாத் தறிகளும் ஒரே தாளத்தில் அடிக்காமல், பள்ளத்து மண்ணின் ஆட்டத்திலிருந்து விலகி அடித்தால் போதும் என்று சொன்னேன். “நெய்யுற மீட்டர் கொறையுமே” என்றான் தாமு. குறையும்தான் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன், புத்தூரிலிருந்து புல்லிகள் வாங்கிவர ஆள் அனுப்பினான். தறியின் காலடியில் கனமான ரப்பர் வைப்பது அவனுக்கே தோன்றியது. நான் கணினியோடு புஷ்பா வீட்டில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தறியாக மாற்ற மாற்ற, கோடு குறைவதைக் கத்திச் சொன்னேன். குழாயடியில் முகம் திருப்பிய பெண்கள் நடுத்தெருவில் நின்று, நான் சொன்னதை அஞ்சல் ஓட்டம்போலக் கூடத்துக்குக் கடத்தினார்கள். “கம்மியாச்சாம்! இன்னொண்ணு மாத்து!”

முழுக்க நிற்கவில்லை. தளர்ந்த மண் தளர்ந்த மண்தான். ஆனால் ஜன்னல் கிணுகிணுப்பு நின்றது. புஷ்பா தான் கொடுத்த மனுவைத் தானே போய்த் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். தாமு, “ஆபீசருங்க வரட்டும், வந்து பாக்கட்டும். மறுபடி ஆடுனா சொல்லணும்ல” என்றான்.

மறுநாள் மத்தியானம் எனக்குச் சென்னை பஸ். சீனு ஜீப் இன்னும் ரெடியாகவில்லை என்று பூத்துக்கு போன் செய்திருந்தார். சொல்லிக்கொள்ளப் புஷ்பா வீட்டுக்குப் போனேன். சுடச்சுடச் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டாள். தின்றுவிட்டுப் பள்ளி நாட்களைப்போல வெறும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். மூன்று வீட்டுக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் எப்போதும் கேட்டதைவிடக் கொஞ்சம் நிதானமாக.

“அங்க உனக்கு தூக்கம் வருமாடி?” என்று கேட்டாள்.

நான் மின்விசிறியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள் ‘உம்’ கொட்டுவது நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்தபடி, என் முந்தானையின் ஓரம் அவள் தோளுக்கடியில் மாட்டியிருக்க, தூங்கிப்போயிருந்தாள்.

“அக்கா, பஸ்ஸுக்கு...” என்றபடி தாமு வாசலில் வந்து நின்றான். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவன் அவளைப் பார்த்தான், என் முந்தானையைப் பார்த்தான்.

“அடுத்த பஸ்ஸுல போய்க்கோ” என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டு, என் பையை ஓசைப்படாமல் தரையில் வைத்தான்.